மீனம்மாமேல் வரும் காட்டேரி

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள் மீனம்மா. அவளுக்குப் பக்கத்து நிரையில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் நிற்கமாட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்தாலே முந்தானையால் வயிற்றை மூடிக்கொள்வார்கள். வயிற்றில் ஏழாம் மாதம் தொடங்கிவிட்டாலோ, அதே பெண்கள் வெற்றிலை பாக்கோடு அவள் வாசலில் வந்து நிற்பார்கள். நல்ல கூத்து!

மீனம்மாமேல் ரத்தக் காட்டேரி வரும். கர்ப்பிணிகளின் பின்னாலேயே வந்து வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தைக் குடிக்கிற பேய் அது. அதற்குப் பசியாற்றாவிட்டால் பிள்ளை தங்காது என்பது லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனங்களின் பயம். ஆகவே உச்சிப் பொழுதில், ஆற்றோரத்துச் சவுக்கு மரத்தடியில் தப்பு மேளக்காரன் ஆண்டியப்பன் தப்படிக்க, மீனம்மா தலைவிரித்து ஆடுவாள். கறுப்புக் கோழியின் கழுத்தைக் கடித்து ரத்தம் குடிப்பாள். "விட்டுட்டேன்!" என்று கத்திவிட்டு விழுவாள். அதோடு பூசை முடிந்தது, எல்லாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேருவார்கள்.

இதில் மீனம்மாவுக்கும் அவள் மகள் ஜெயந்தினிக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. காட்டேரி ஒருநாளும் வந்ததில்லை. எல்லாம் நடிப்பு.

ஏமாற்றுக்காரி என்று அவசரப்பட்டு வாயை விடாதீர்கள். முன்பு ஆடிக்கொண்டிருந்தவள் செத்த வருஷம், ஒரு சின்னப் பெண்ணுக்குப் பூசை வைத்தார்கள். அடித்தடித்து ஆண்டியப்பனுக்குக் கை ஓய்ந்ததுதான் மிச்சம், யார்மேலும் வரவில்லை. "எம் புள்ளைய தின்னுரும்" என்று அந்தப் பெண் வெளிறிப்போய் நடுங்கினாள். பார்க்கப் பொறுக்காத மீனம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டு ஒரு கூச்சல் போட்டாள். அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு நல்லபடியாகப் பிரசவமானது, காட்டேரி மீனம்மாவின் தலையில் விடிந்தது. அதற்கப்புறம் அவளை யார் விட்டார்கள்? புருஷன் செத்த பிறகு, மகளிடம் மட்டும் இதைச் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு பூசை முடிந்ததும் தாயும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

ஜெயந்தினியைப் பொகவந்தலாவையில் கட்டிக்கொடுத்தாள். போன வருஷம் தாயைப் பார்க்க வந்திருந்த இடத்தில் அவளுக்குக் கரு கலைந்தது. இந்தத் தடவை பிள்ளை தங்கிவிட்டது. தலைப் பிரசவத்துக்கு மருமகன் பிரதாப் அவளைத் தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

"எதுக்கும் காட்டேரிக்கு ஒரு பூசைய செஞ்சிருவோம், மாமி," என்றான்.

ஜெயந்தினி தாயைப் பார்த்துக் கண்ணடித்தாள். "செய்யுங்கம்மா. அவருக்கும் மனசு ஆறட்டும்."

ஞாயிற்றுக்கிழமை உச்சிக்கு எல்லாரும் ஆற்றோரம் போனார்கள். மலையிலிருந்து இறங்கிய மூட்டம் எதிர்க்கரையை மறைத்துவிட்டிருந்தது. தப்பு முழங்கியது. கொண்டையை அவிழ்த்தது வரைக்கும்தான் மீனம்மாவுக்கு நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது ஈரத்தரையில் கிடந்தாள். கால் கட்டிய கோழி உயிரோடு கிடந்து கத்திக்கொண்டிருந்தது. மகளைக் காணோம், மருமகனைக் காணோம். ஆண்டியப்பன் மட்டும் தப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எட்ட நின்றிருந்தான்.

"என்னாண்ணே, எல்லாரும் எங்க?"

அவன் திரும்பி மேட்டில் ஏறிப் போய்விட்டான். இத்தனை வருஷத்தில் அவன் அவளைத் தனியாக விட்டுப் போனதே இல்லை.

வீட்டில் ஜெயந்தினி பொரிந்து தள்ளினாள். "நடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமாம்மா? கோழிய தூக்கி வீசிட்டு, என் வயித்த புடிச்சிக்கிட்டு, 'போனத குடிச்சேன், இதயும் குடிப்பேன்'னு சொல்றீங்களே! அவரு ஆடிப் போயிட்டாரு. இங்க பாருங்க, எப்படி கீறி வச்சிருக்கீங்க!"

சேலையை விலக்கிக் காட்டினாள். வயிற்றின் குறுக்கே நகம் பதிந்த கோடுகள் இருந்தன. மீனம்மா தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்களில் ரத்தம் காய்ந்திருந்தது. போன வருஷம் கரு கலைந்த அன்றும் மகளின் பக்கத்தில் படுத்திருந்தது அவள்தான்.

"சும்மா ஒரு இதுக்குத்தான்," என்று எதையோ சொல்லி மழுப்பினாள்.

தான் நடிக்கவில்லை என்ற உண்மையைச் சொன்னால் மகள் பயத்திலேயே பாதி செத்துவிடுவாள். சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்றால், இருப்பது ஒரே அறை. பிரசவம் வரைக்கும் தாயும் மகளும் ஒரே பாயில்தான் படுக்க வேண்டும். அன்று மீனம்மா படுக்கவே இல்லை. ஐயோ, பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்!

விடிந்ததும் அவள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. மகளின் துணிமணிகளைப் பையில் திணித்து வாசலில் வைத்தாள்.

"மாப்ள, இவள கூட்டிக்கிட்டு போங்க. புள்ள பொறந்தா எனக்கு சொல்லி அனுப்ப வேணாம்."

பிரதாப் அவள் முகத்தைப் பார்க்காமலே பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தான். ஜெயந்தினிதான் ஒன்றும் விளங்காமல் நின்றாள்.

"என்னம்மா இது? நான் கோவத்துல நாலு வார்த்த பேசிட்டேன். அதுக்காக தொரத்துவீங்களா?"

"நான் வேலைக்கு போகணும். ஒன்ன வச்சு பாத்துக்கிட்டிருக்க என்னால முடியாது."

"நீங்களா இப்படி பேசுறீங்க? ஒங்களுக்கு நான் பாரமா போயிட்டேனா?"

ஜெயந்தினி அழுதுகொண்டே ஓர் எட்டு முன்னால் வந்தாள். மீனம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஆமா," என்றாள். "பாரந்தான்."