ரோமாபுரியை வைத்து எழுதிய மனு

சென்னையில் மத்திய அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று 2004இல் மரக்காணம் திரும்பினேன். பொழுது போகவில்லை. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ரோமப் பேரரசின் வரலாறு ஒன்று, தடித்த ஆங்கிலப் புத்தகம், பாதி விலைக்குக் கிடைத்தது. அதிலிருந்து கடினமான சொற்களையும் மரபுத்தொடர்களையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். பின்வாங்க முடியாத முடிவுக்கு ரூபிகான் நதியைக் கடப்பது. ஜெயித்தும் தோற்றால் பிர்ரிக் விக்டரி. அறுபது வயதில் இப்படி ஒரு பைத்தியம்.

எனக்குள் வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் டீக்கடைக்கு எடுத்துப் போனேன். உப்பளத்து மேஸ்திரியைப் பார்த்து ஒரு ரோமச் சொல்லை வீசுவேன். அவர் பாராட்டு என்று நினைத்துச் சிரிப்பார். "சார், இன்னிக்கு எந்த ராஜாவக் குத்துனாங்க?" என்று கடைக்காரர் கேட்பார். இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். ஊரில் யாரைப் பார்த்தாலும் அதையேதான் நினைத்தேன்.

2005இல் மழைக்கு முன்பு, உப்பு வாரும் பெண்கள் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மழை இறங்கினால் பாத்திகளில் மூன்று மாதம் வேலை இல்லை. அந்த மாதங்களுக்கு அரிசி கேட்டு அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். மூத்தவள் பேசினாள்.

"இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க சார். சுனாமிக்கு அப்புறம் பக்கத்துல அனுமந்தையில இங்கிலீஷ் பேப்பரோட வந்தவங்கதான் படகு, வலை எல்லாம் குடுத்தாங்க. தமிழ்ல எழுதுனா எவன் பார்க்குறான்?"

அந்த நம்பிக்கையைத் திருத்த எனக்கு மனமில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

இரண்டு நாள் எழுதினேன். மூன்று பக்கம். பகைவர் நகரத்தை இடித்து, அந்த மண்ணில் ரோமர் உப்பைத் தூவிய கதையில் தொடங்கினேன். ஜனங்களுக்கு ரொட்டியும் வேடிக்கையும் கொடுத்து அடக்கிய மன்னர்களுக்கு ஒரு பக்கம் போனது. இருபத்தாறு குடும்பங்களின் பெயர்களை மூத்தவள் வரிசையாகச் சொல்லியிருந்தாள். அவற்றைச் சேர்த்தால் நடையின் அழகு கெடும் என்று விட்டுவிட்டேன். அரிசி என்ற சொல் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் ஓர் உவமைக்குள் வந்தது.

"அங்கே போய் நீ வாயைத் திறக்காதேம்மா. தாள் பேசும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அவளும் பேசவில்லை. "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று அதிகாரி கேட்டாராம். "எல்லாம் அதுலயே எழுதியிருக்குது சார்" என்றாளாம்.

சில வாரங்களில் பதில் வந்தது. ஆங்கில மனுவுக்கு ஆங்கிலத்தில்தான் பதில் வரும் என்று எண்ணி, உறையைக்கூடப் பிரிக்காமல் நேராக என்னிடம் கொண்டுவந்தாள். பிரித்தேன். தமிழில் இரண்டே வரி. கோரிக்கை தெளிவாக இல்லை, குடும்பங்களின் பெயர்ப் பட்டியலுடன் மீண்டும் மனு செய்யவும்.

அன்றே ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தால் அரிசி கிடைத்திருக்கும். நான் கடிதத்தை மடித்து அந்தப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

"கிடையாதுன்னு போட்டிருக்கான். அந்த ஆபீசருக்கு இங்கிலீஷ் போதாதும்மா" என்றேன்.

"படிக்காதவன எல்லாம் எப்படி சார் நாற்காலியில ஒக்கார வைக்கிறாங்க?" என்று அவள் என் சார்பில் கோபப்பட்டாள்.

மழை பிடித்தது. அவள் பெண் ஒன்பதாம் வகுப்பை விட்டு, சென்னையில் கட்டட வேலைக்குப் போனாள். திரும்பிப் பள்ளிக்கு வரவில்லை.

மறு வருடம் மறுபடியும் என்னிடமே வந்தார்கள். இந்த முறை தமிழில் ஏழு வரி எழுதினேன். கீழே இருபத்தாறு பெயர்கள். படித்துக் காட்டியதும் அவள் முகம் வாடியது.

"இது நாங்க பேசுற மாதிரியே இருக்குதே சார். போன வருசத்துது எவ்வளோ பெருசா இருந்துச்சு!"

மழை முடிவதற்குள் அரிசி வந்தது. சொல்லிவிட்டுப் போக வந்தாள். புது அதிகாரியா என்று கேட்டேன்.

"அதே ஆளுதான் சார். ஒரு வருசத்துல இங்கிலீஷ் படிச்சிட்டாரு போல."

அவள் முகத்தில் கேலி இருந்ததா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இருக்கும்மா" என்றேன். கடிதம் இன்னும் அந்தப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது.