மாமனாரும் இள மஞ்சள் சுவரும்

“ஹாலுக்கு இள மஞ்சள் பெயின்ட் அடிக்கலாமா மாமா?” என்று கேட்டேன். மாமனார் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். எங்கள் வீட்டில் அது கண்டனத் தீர்மானத்துக்குச் சமம்.

“வீடுன்னா வெள்ளைதாம்மா. மஞ்சள் அடிச்சா கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும்.”

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர். பகலெல்லாம் உப்பைப் பார்க்கிறார். வீட்டுக்கு வந்தும் வெள்ளையைத்தான் பார்ப்பேன் என்றால் என்ன செய்வது? என் கணவரைப் பார்த்தேன். அவருடைய புது செல்போனுக்கு அந்த நேரம் பார்த்து டவர் கிடைக்கவில்லை... வாசலுக்குப் போய்விட்டார்.

கடைசியில் மாமியார்தான் சொன்னார்: “அவ ஆசைப்படறா. அடிச்சிட்டுப் போகட்டுமே.”

பெருமுக்கலிலிருந்து பெயின்டர் வந்து வேலையை முடித்தார். வெண்ணெய் உருகப்போகிற நேரத்து நிறம். சாயங்கால வெளிச்சம் பட்டதும் ஹாலே இதமாகிவிட்டது.

உப்பளத்திலிருந்து மாமனார் வந்தார். ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். முகத்தில் திருப்தி.

“பரவால்ல, என் பேச்சுக்கும் மரியாதை இருக்குது. வெள்ளையே அடிச்சிட்டீங்க.”

கிண்டல் செய்கிறார் என்று என் கணவர் சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியை எடுத்து வந்து சுவரில் வைத்துக் காட்டினேன்.

“மாமா, ரெண்டும் ஒரே கலரா?”

“ஒரே கலர்தான். ஏம்மா?”

மாமியாருக்குத்தான் முதலில் பொறி தட்டியது. “அப்போ அந்தோணி?”

அந்தோணி எங்கள் உப்பளத்தில் பல வருஷமாக உப்பு வாரியவர். கொஞ்ச காலமாக மாமனார் அவரை விடாமல் கடிந்துகொண்டிருந்தார் – உப்பு மங்கலா இருக்குது, சேறு கலக்குது, வேலையில கவனமே இல்லை... பொறுத்துப் பார்த்த அந்தோணி, ஒரு நாள் சொல்லிக்கொள்ளாமலேயே நின்றுவிட்டார்.

புதுச்சேரி கண் டாக்டர், புரை முற்றியிருக்கிறது என்றார்.

“ஒரு செவுத்துக்காக என் கண்ணுல கத்தி வெக்கணுமா?” என்று மாமனார் முரண்டு பிடித்தார். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். மாமனார் சம்மதித்தார்.

ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று ஹால் நடுவில் நின்று கறுப்புக் கண்ணாடியை மெதுவாகக் கழற்றினார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் – என் தைரியத்தைப் பாருங்கள்.

“மஞ்சள்தான்” என்றார்.

மகனை அனுப்பி, அந்தோணி கடைசியாக வாரிய குவியலிலிருந்து ஒரு பிடி உப்பு எடுத்து வரச் சொன்னார். உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பளிச்சென்று வெள்ளை.

“அந்தோணியைக் கூட்டிட்டு வரட்டுமாப்பா?” என்றார் என் கணவர்.

“வேணாம். நானே போறேன்.”

நானும் கூடப் போனேன். அந்தோணி வீட்டு வாசலில் நின்றபடியே மாமனார் சொன்னார்: “உப்புல ஒண்ணும் இல்லப்பா. கோளாறு என் கண்ணுலதான்.”

“அதை நான் அப்பவே சொன்னேனே மொதலாளி. காதுலயும் விழலீங்களா?”

அந்தோணியின் முகத்தில் சிரிப்பில்லை. மாமனார் தலை குனிந்து நின்றார். கொஞ்சம் பொறுத்து அந்தோணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மனைவி டீ போட உள்ளே போனார். மறுநாள் காலை அந்தோணி வேலைக்கு வந்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் கொஞ்ச நாளாக எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறாரா? பதிலுக்குப் பதில் பேசாதீர்கள் – முதலில் கண்ணை டெஸ்ட் பண்ணக் கூட்டிப் போங்கள்.