மூன்றாவது மணியை அமர்த்தியது யார்?

ஊரையெல்லாம் தூங்கவைத்துவிட்டுத் தான் மட்டும் தூங்காமல் கிடக்கிற பிழைப்பு, மயக்க மருந்து டாக்டர் பிழைப்பு. ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிக் காவிரிப் பாலம் ஏறும்போதே இன்று என்ன தப்பு நடக்குமோ என்று எண்ணத் தொடங்கிவிடுவேன். வேலைக்குப் போகும் வழியில் நீங்களும் அப்படி எண்ணுகிறவரானால் வாருங்கள், நாம் உறவு.

நோட்டு

திருச்சியில் எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் மானிட்டர் மணி ஓயாமல் அடிக்கும்; பெரும்பாலும் வெற்று மணி. ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க ஓர் ஆராய்ச்சி தொடங்கினேன். எந்த மணி, அதன் சத்தத்தை யார் அமர்த்தினார்கள், ஏன் என்று கட்டம் போட்ட நோட்டு. ஆளைக் குறை சொல்ல அல்ல, அறையின் அமைப்பைச் சரிசெய்யத்தான் என்று விளக்கினேன். டெக்னீஷியன் ஜெயந்தி நம்பவில்லை. "அமைப்புக்கா மேடம் மெமோ குடுப்பாங்க? எனக்குத்தான் குடுப்பாங்க."

கறை விரல்

முசிறியில் வாழைத்தார் வெட்டுகிறவர் ஒருவர் பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்தார். விரலெல்லாம் வாழைக்கறை. அதில் கிளிப் மாட்டியதும் மானிட்டர் ஆக்ஸிஜன் அளவைத் தாறுமாறாகக் காட்டியது. முதல் மணியை ஜெயந்தி அமர்த்தினாள். சர்ஜன் எரிந்து விழுந்ததால் இரண்டாவதையும் அவளே அமர்த்தினாள். மூன்றாவதை, ஊசியில் மருந்து எடுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் நான் அமர்த்தினேன்.

பிறகு ஏதோ தோன்றித் திரும்பினேன். அவர் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. துணிக்கடியில் மூச்சு மிஷின் குழாயின் இணைப்பு கழன்று கிடந்தது. மூச்சு மிஷினுக்கும் மானிட்டருக்கும் ஒரே கீச்சுக்குரல். எதன் வாயை அடைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. குழாயை மாட்டினேன். அளவு மெல்ல ஏறி முடியும்வரை இணைப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. ஜெயந்தி அருகில் வந்தாள். "கறைன்னுதானே மேடம் எல்லாரும் நெனச்சோம்."

மீட்டிங்

மறுநாள் நிர்வாகி கூப்பிட்டார். ஜெயந்தி சுவரோடு ஒட்டி நின்றாள். நோட்டில் மூன்றாவது மணிக்கு நேரே கட்டம் காலி. அவள் பெயரை எழுதினால் நான் தப்பிக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்; இன்றும் கூசுகிறது. என் பெயரை எழுதினேன். எல்லா மணிக்கும் ஒரே குரல் இருப்பதையும் சொன்னேன். நிர்வாகி ஃபைலைத் திறந்தார். "அமைப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் டாக்டர், ஃபைலுக்கு ஒரு பேர் வேணும். உங்க பேரையே போட்டுக்கட்டுமா?"

காது

டிஸ்சார்ஜ் அன்று வாழைத்தார்க்காரரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கத்துவார் என்று பயந்து கதவருகிலேயே நின்றுகொண்டேன். அவர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கறை வெரல்லதானே டாக்டரம்மா, காதுல மாட்டுற மாதிரி ஒண்ணும் கிடையாதா?"

இருந்தது: காது கிளிப் தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் நான்தான் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன்.