நெற்றியில் நகர்ந்த விரல்

பத்து ஆண்டுகள் ஒற்றைத் தலைவலியோடு வாழ்ந்தேன். வலி வந்தால் சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவேன். பள்ளிவிட்டு வரும் மகள் சீருடையைக்கூட மாற்றாமல் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியை அமுக்குவாள். "இங்கயாப்பா, இங்கயா?" என்று விரல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

எந்த மாத்திரைக்கும் வலி கேட்கவில்லை. கடைசியில், நேரம் மாறி மாறி வந்த ஜூரோங் தொழிற்சாலை ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டுத் தேக்காவில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். வேளைக்குச் சாப்பிட்டேன், ஒரே நேரத்தில் தூங்கினேன். உயிராக இருந்த கோப்பியையும் எரிச்சலோடு விட்டொழித்தேன். வலி போயே போய்விட்டது. இரண்டு ஆண்டுகளாயிற்று.

மகள் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அவள் அறைக்கதவு மூடியே கிடக்கிறது. எனக்குக் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

போன ஞாயிறு பிற்பகல், சும்மா திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தேன். அவள் வாசலில் வந்து நின்றாள்.

"என்னப்பா, தலைவலியா?"

வலிக்காத நாளிலும் வலிக்கிறதென்று பழைய தொழிற்சாலை மேலாளரிடம் கூசாமல் சொன்ன வாய்தான் இது. அன்று பொய் வரவில்லை.

"இல்லம்மா, சும்மாதான்."

"ஓகே லா, தூங்குங்க" என்றவள், பழைய பழக்கத்தில், வெளிச்சம் விழாதபடி கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.