படகுத் தரையில் இன்னொரு கை

சகாயராஜ் ஒரு ரூபாய் நாணயத்தால் தொட்டியைத் தட்டிக்கொண்டே நடக்கிறார். நாலு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி நாலு தட்டு. காது ஃபைபர் சுவரோடு ஒட்டாத குறை. ‘டிக் டிக்’ என்று கெட்டியாகக் கேட்டால் நகர்கிறார். ‘தொப்’ என்று கேட்டால் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். பத்தடிக்குள் ஐந்து வட்டம் விழுந்துவிட்டால் முகத்தில் ஒரு நிம்மதி பரவும். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்பார்.

“எவன் சார் செஞ்ச வேல இது?”

பெயர் சொல்லிவிட்டால் போதும். அந்த ஆளின் கையைப் பற்றியும், அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவனின் கையைப் பற்றியும் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பேசுவார்.

சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்தே தீர வேண்டும் என்று எல்லாப் பட்டறைகளுக்கும் கெடு விழுந்திருந்த 2006ஆம் வருஷம் அது. திருப்பூரில் ஃபைபர் வேலை தெரிந்தவருக்குத் தூங்க நேரமில்லை. நான் ஒரு சாயப்பட்டறையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். எங்கள் சுத்திகரிப்புத் தொட்டிகளுக்கு ஃபைபர் உள்பூச்சுப் பூச வந்தவர்தான் சகாயராஜ். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். தூத்துக்குடியில் படகு கட்டும் பட்டறையில் பதினைந்து வருஷம் இருந்தவர். மனைவி புஷ்பம் இங்கே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு வந்து சேர, பின்னாலேயே இவரும் வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். கண்ணாடி இழைத் தூள் அரிக்காமல் இருக்கக் கைகளில் தேங்காய் எண்ணெய், கழுத்தைச் சுற்றி வேஸ்ட் பனியன் துணி, மூக்கில் எப்போதும் இழையை ஒட்டும் ரெசின் பசையின் வாசனை.

மாதா கோவிலில் புதிதாக ஃபைபர் சொரூபம் வைத்தபோது ஊரே முன்னால் முழந்தாளிட்டது. இவர் மட்டும் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “ஜாயின்ட் தெரியுது சார். தேய்ச்சிருக்கணும்ல்லா” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னபோது அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம்தான்.

ஆனால் நல்ல வேலையைப் பார்த்துவிட்டால் அவருக்குப் பேச்சு நின்றுவிடும். புஷ்பம் ஒருமுறை என்னிடம் சொன்னார். “ஊர்ல எவனாவது நல்லா வேல செஞ்சிட்டாம்னா அன்னைக்கு இவியளுக்குச் சோறு எறங்காது சார். காச்சல்காரன் மாதிரி படுத்துக் கெடப்பாவ.” பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சகாயராஜ் மறுக்கவில்லை.

எங்களுக்குத் துணி அனுப்பும் பனியன் கம்பெனிக்காரர் மகுடேஸ்வரனுக்குக் கணியூர்ப் பக்கம் தோட்டம். அதில் பெரிய குட்டை வெட்டி மீன் விட்டிருந்தார். தீனி போடவும் வலை இழுக்கவும் ஒரு படகு வேண்டுமென்று, அமராவதி அணைப் பக்கம் மீன் பிடித்துக்கொண்டிருந்த சாமியப்பனிடம் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிப்போட்டார். பதினாறு அடி. வெளியே பார்க்கக் குறையில்லை. உள்ளே ஏறி நின்றால் தரை அமுங்கியது.

“கால வெச்சா மெத்தையாட்ட உள்ள போகுதுங்க. உங்ககிட்ட ஒரு மேஸ்திரி இருக்கறாராமுங்களே” என்று என்னைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து செய்து தருவதாக சகாயராஜ் ஒப்புக்கொண்டார். பேசி ஏற்பாடு செய்தவன் நான் என்பதால் நானும் கூடவே போனேன்.

தோட்டத்துத் தகரச் சாய்ப்பின் கீழே படகு கிடந்தது. சகாயராஜ் நாணயத்தை எடுத்தார். பின்பக்கமிருந்து தொடங்கினார். தொப், தொப், தொப். சாக்பீஸ் வட்டங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அவருக்கு உற்சாகம் பொங்கியது. “வெறும் பலகைய வச்சி மேல மட்டும் பூசிருக்கான் சார். சீட்டுக்கு ஸ்க்ரூ போட்ட ஓட்ட வழியா தண்ணி எறங்கி, உள்ள மரம் பூரா மக்கிட்டு. எவன் செஞ்ச...”

முன்பக்கத்துக்கு வந்ததும் நாணயம் வேறு மாதிரி பேசியது. டிக். இன்னும் ஓரடி நகர்ந்து தட்டினார். டிக். படகின் மூன்றில் ஒரு பாகம், மூக்கு வரைக்கும், அதே கெட்டிச் சத்தம். அந்தப் பகுதியை யாரோ சில வருஷங்களுக்கு முன்னால் மாற்றியிருக்கிறார்கள் என்று நிறத்திலேயே தெரிந்தது. சகாயராஜ் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாக்கியத்தை முடிக்கவில்லை.

முதல் ஞாயிறு பின்பக்கத் தரையை எடுத்தார். ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு கிரைண்டரால் சுற்றி அறுத்து, கடப்பாரையை நுழைத்து நெம்பினால் தரை அப்பளம் போல வந்துவிட்டது. அடியில் பலகை என்று ஒன்று இல்லை. கறுத்து ஊறிய கூழ். கையாலேயே அள்ளி வெளியே போட்டார். தரையைத் தாங்கும் நீளக் கட்டைகளும் அப்படியே. ஆனால் முன்பாகத்துக்கு அடியில் ஓடிய கட்டை மட்டும் உலர்ந்து, வெளுத்து, நேற்று வைத்தது போல இருந்தது.

சகாயராஜ் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த யாரோ ஒருவன் ஸ்க்ரூ போட வேண்டிய இடத்தில் முதலில் பெரிய துளையாகப் போட்டிருக்கிறான். அதை ரெசினால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் சின்னத் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறான். தண்ணீர் இறங்கினாலும் ரெசினைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. கட்டைகளுக்கு அடியில் விரல் தடிமனுக்குக் குழாய் பதித்துத் தண்ணீர் தேங்காமல் பின்பக்கம் வடியவும் வழி வைத்திருந்தான்.

“உங்களுக்கு இது தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியும்” என்றார். டார்ச்சை அணைத்துவிட்டு, “செஞ்சதில்ல” என்றார்.

மகுடேஸ்வரன் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். படகை எட்டிப் பார்த்து, “முன்னால நல்லாத்தான இருக்குதுங்க மேஸ்திரி? அத அப்படியே உட்டர்லாமுங்களா?” என்றார்.

“மேல பாத்தா தெரியாது மொதலாளி. உள்ள போயிட்டு. இப்ப எடுக்கலைன்னா ஆறு மாசத்துல பூராவும் போயிரும்.”

மகுடேஸ்வரன் என்னைப் பார்த்தார். “நீங்க என்னங்க சொல்றீங்க?”

நாணயத்தின் சத்தத்தை நானும் கேட்டிருந்தேன். உலர்ந்த கட்டையையும் பார்த்திருந்தேன். சகாயராஜ் என் பக்கம் திரும்பாமல் கிரைண்டரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். “மேஸ்திரி சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்” என்றேன். இன்றும் அந்த வாக்கியம் எனக்கு உறுத்தல்தான். அவரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை என்பது ஒரு காரணம். அவர் எதுவரைக்கும் போவார் என்று பார்க்கும் ஆசையும் இருந்தது.

மக்கிய பின்பாகத்தை எடுக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. நல்ல முன்பாகத்தை எடுக்க அடுத்த ஞாயிறு முழுவதும் ஆயிற்று. இரண்டு பிளேடு தேய்ந்தது. மூக்குப் பக்க ஜாயின்ட்டில் உளி ஒன்று நுனி மழுங்கியது. பலகை விட்டுக்கொடுக்கவே இல்லை. சில்லுச் சில்லாகத்தான் வந்தது, ஒவ்வொரு சில்லிலும் புதுமரத்தின் வாசனை. வியர்வையில் குளித்தபடி அவர் அடித்த அடி மரத்தின் மேல் விழுந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. மத்தியானம் புஷ்பம் கட்டிக்கொடுத்த மீன்குழம்புச் சோற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

அதற்குப் பிறகு வந்த மூன்று ஞாயிறும் அவர் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் படகின் உள்வளைவுக்கு அச்செடுத்தார். அந்த அச்சின்படி பலகை அறுத்து, இரண்டு பக்கமும், ஓரங்களிலும்கூட, ரெசின் குடிக்கக் குடிக்கப் பூசினார். புதுக் கட்டைகள் வைத்தார். அடியில் குழாய் பதித்தார். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பெரிய துளை, நிரப்பு, மறுபடி சின்னத் துளை. யாரோ ஒருவன் மூன்றில் ஒரு பாகத்துக்குச் செய்ததை இவர் மூக்கிலிருந்து வால் வரைக்கும் செய்தார். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தார். பூச்சுக்குள் வைக்கும் கண்ணாடி இழை விரிப்பைக் காட்டி, “இது அவனுதவிட ஒரு சுத்து கூடுதல் மேட்டு சார்” என்றார். ‘அவன்’ யாரென்று இருவருக்குமே தெரியாது. ஆனால் அந்த மூன்று வாரமும் அவன் எங்களோடுதான் இருந்தான்.

படகைக் குட்டையில் இறக்கிய அன்று மகுடேஸ்வரன் குடும்பத்தோடு வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, தரையின் நடுவில் நின்று இரண்டு தரம் குதித்துப் பார்த்தார். “சிமெண்டுத் தளமாட்ட இருக்குதுங்க மேஸ்திரி” என்று சிரித்தார். சகாயராஜ் முகத்திலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

படகை விற்ற சாமியப்பனும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அவர் குனிந்து ஸ்க்ரூத் தலைகளைத் தடவினார். வால்பக்கம் குழாய் வாயில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மகிழ்ச்சியோடு நிமிர்ந்தார்.

“அட, ராக்கையா வந்திருந்தானுங்களா? இது அவன் கையாச்சே.”

சகாயராஜின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. சாமியப்பன் ஒன்றும் அறியாமல் பேசிக்கொண்டே போனார். ராமநாதபுரத்துப் பையன், அணையில் மீன் பிடிக்க வந்தவர்களோடு வந்து ஒரு மாதம் அமராவதி நகரில் தங்கியிருந்தான், அப்போது கையிலிருந்த பலகைக்கு முன்பக்கம் மட்டும்தான் ஆயிற்று, இப்போது திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனியில் அயர்ன் அடிக்கிறானாம். சகாயராஜ் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எந்தப் பக்கம்?”

திருப்பூரில் அயர்ன் மேசைகள் எத்தனை ஆயிரம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சகாயராஜ் தேடினார். புஷ்பம் தன் கம்பெனியிலும் அக்கம்பக்கத்திலும் விசாரித்தார். “பொம்பளப் பேரா இருந்தா நான் சந்தேகப்பட்டிருப்பேன்” என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து, ராமநாதபுரத்துக்காரர்கள் சேர்ந்து தங்கியிருந்த ஒரு லைன் வீட்டில் விலாசம் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை மாலை என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ஏன் போகிறோம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சந்துக்குள் ஷட்டர் தூக்கிய சின்ன யூனிட். உள்ளே நீராவிப் புகை. நாலு மேசைகளில் கடைசி மேசையில் நின்றவன்தான் ராக்கையா. முப்பது வயதுகூட இராது. மெலிந்த ஆள். விரல் இடுக்குகளில் ஆறிய புண்களின் வெள்ளைத் தழும்பு. டீக்கு விடும் நேரம் நெருங்கியிருந்ததால் வாசலுக்கு வந்தான்.

“அமராவதில சாமியப்பன் படகு. தரை போட்டது நீதானா?” என்றார் சகாயராஜ்.

அவன் முகம் மலர்ந்தது. “ஆமாண்ணே. நாலு வருசம் இருக்கும். அது இன்னும் ஓடுதா?” கைகளை விரித்துக் காட்டினான். “அதுதாண்ணே கடைசி வேலை. ரெசின் எனக்கு ஒத்துக்கிரல. மேட்டத் தொட்டாலே கை வெடிச்சிரும். டாக்டர் இனிமே தொடக் கூடாதுன்ட்டாரு.”

“நான் ஃபைபர் மேஸ்திரி. அந்தத் தரைய எடுத்துட்டு இப்ப நான் புதுசு போட்ருக்கேன்.”

மலர்ச்சி அப்படியே நின்றது. “முன்பக்கமும் எடுத்தீகளா?” என்றான். சகாயராஜின் தலையாட்டலைப் பார்த்த பிறகு மெதுவாகக் கேட்டான். “மக்கிப்போச்சாண்ணே?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் இனி அந்தப் பக்கம் போகப்போவதில்லை. மகுடேஸ்வரனிடம் சொன்ன அதே பொய்தான். நானும் ஏற்கெனவே அதற்குச் சாட்சி சொன்னவன். சகாயராஜ் கழுத்துத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். ராக்கையா பதிலுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இல்லப்பா” என்றார். “நல்லாத்தான் இருந்து. இன்னும் இருவது வருசம் கெடந்திருக்கும். எனக்குத்தான் பொறுக்கல, ஒடச்சிட்டேன்.”

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நீளமாக மூச்சு விட்டான். தோள் தளர்ந்தது. “மக்கலைல்ல? அது போதும்ணே” என்றான். பிறகு, ஏதோ நினைவு வந்தவன் போல, “ஆனா அந்த மூக்குப் பக்கம் ஜாயின்ட்டு எனக்கே புடிக்கலண்ணே. அவசரத்துல செஞ்சது. என்னைக்காச்சும் போயி அதப் பிரிச்சுத் திரும்பச் செய்யணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்” என்றான்.

எந்த ஜாயின்ட்டை உடைக்க சகாயராஜின் உளி மழுங்கியதோ அந்த ஜாயின்ட்டைத்தான் அவன் சொன்னான். நான் சகாயராஜைப் பார்த்தேன். அவருக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது.

உள்ளிருந்து சூப்பர்வைசர் குரல் கொடுத்தார். “ஒரு நிமிசம் இருங்கண்ணே, இந்த லாட்ட முடிச்சிட்டு வாரேன், டீ சாப்பிடலாம்” என்று ராக்கையா மேசைக்கு ஓடினான். சகாயராஜ் வாசலில் நிற்காமல் பின்னாலேயே உள்ளே போனார். அவன் டி-ஷர்ட்டை உதறி விரித்தான், கையால் ஒருமுறை நீவினான், ஆவி விட்டான், தோள், கை, கழுத்துப் பட்டை என்று தேய்த்து மூன்று மடிப்பில் மடித்து அடுக்கின் மேல் வைத்தான். அடுத்ததை எடுத்தான். பார்க்கப் பார்க்க அடுக்கு உயர்ந்தது. நாலு பக்கமும் அறுத்து வைத்தது போன்ற ஓரம்.

சகாயராஜ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அடுக்கின் மேலிருந்த டி-ஷர்ட்டை எடுத்தார். திருப்பி முதுகுப்பக்கம் பார்த்தார். கட்டை விரலால் தோள் தையலைத் தடவிக்கொண்டே கழுத்துவரைக்கும் வந்தார். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அதைத் திரும்ப வைத்தார். அது அரை விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. குனிந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் மெல்ல நகர்த்தி, மற்றவற்றின் ஓரத்தோடு அதைச் சேர்த்துவைத்தார்.