தலைக்கு மேல் மாட்டிய அட்டை

1. அழகான கையெழுத்து

எஸ்தர் சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டுவிட்டாள். காரணம் அலுவலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எண்பதுகளின் நடுவில், திருத்தணியில் ஒரு கைத்தறி நூல் கிடங்கு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் பொறுப்பு. பிரிவு என்றால் நானும் எஸ்தரும், இரண்டு டெர்மினலும், ஒரு ஏசியும். ஏசி எங்களுக்கல்ல, மிஷினுக்கு. என்னுடையது மாஸ்டர் டெர்மினல். எஸ்தருடையது ஸ்லேவ் டெர்மினல்; மாஸ்டரிலிருந்து உத்தரவு போனால்தான் அது வேலை செய்யும். மிஷின் விற்ற கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர். நாங்களும் டம்ளர், தட்டு என்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆட்சிமொழி ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர் எழுதி மாட்டச் சொன்னார் மேனேஜர். என் தமிழ் மீது எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அகராதியைப் பார்த்து 'தலைமை முனையம்', 'அடிமை முனையம்' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, எங்கள் நாற்காலிகளுக்கு மேலே சுவரில் மாட்டினேன்.

எஸ்தர் மறுநாளிலிருந்து தன் கைப்பையை நாற்காலிக்கு மேலிருந்த ஆணியிலேயே மாட்ட ஆரம்பித்தாள். அட்டை மறைந்துபோனது. அதிகாரி கண்ணில் படாதே என்று எனக்குப் பதற்றம். "பைய எடு எஸ்தர். மறைக்கறதுக்கா எழுதி மாட்டினேன்?" என்று இரண்டு தடவை கடிந்துகொண்டேன். அவள் பையை எடுத்துவிட்டாள்.

2. பூஜை நாள்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அலுவலகத்தில் பூஜை. வீட்டு ஆட்களும் வருவார்கள். எஸ்தரின் அப்பா கனகம்மாசத்திரத்திலிருந்து வந்திருந்தார். இளம் வயதில் பண்ணையாளாக இருந்தவர். பெரியவரான பிறகு சர்ச்சில் எழுத்துக் கற்றுக்கொண்டவர். எதைப் பார்த்தாலும் வாய்விட்டுக் கூட்டிப் படிப்பார். பொரிப் பொட்டலத்தோடு மகளின் மிஷினைப் பார்க்க வந்தவர், நிமிர்ந்து அட்டையைப் படித்தார்.

"அ... டி... மை." அதற்கு மேல் படிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இது மிசினுக்காம்மா, எம் பொண்ணுக்கா?"

"மிஷினுக்குத்தாங்க."

"அப்ப மிசின் மேல ஒட்டாம, ஏம்மா அவ தல மேல மாட்டிகினு கீறீங்க?"

அவர் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பூஜை விடுமுறை முடிந்தும் எஸ்தர் வரவில்லை. அவள் பயிற்சிக் காலத்தில் இருந்தாள். மூன்று நாள் சொல்லாமல் வராவிட்டால் சீட்டுக் கிழிந்துவிடும். நான் அட்டையைக் கழற்றிக்கொண்டு போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கம்பெனிக்காரன் வெச்ச பேரும்மா அது. ஆய்வுல பேர் இல்லன்னா மெமோ உனக்குதான். நாளன்னிக்கும் வர்லன்னா வேற ஆள் கேட்டுடுவேன்" என்றார்.

3. எஸ்தர் சொன்னது

மறுநாள் சாயங்காலம் பஸ் ஏறிக் கனகம்மாசத்திரம் போனேன். அவள் அப்பா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

"அட்டைய எடுத்துட்டேன் எஸ்தர். தப்பு என்னுதுதான். நாளைக்கு வந்துடு" என்றேன்.

"நீங்க எழுதினது ஒரு வாரந்தான் மேடம் இருந்துச்சி. மிசின ஆன் பண்ணா ஸ்கிரீன்ல தெனம் அதே வார்த்த இங்கிலீஷ்ல வருதே. சேந்ததுலேர்ந்து நான்தான் அத படிச்சிகினு இருக்கேன். நைனாக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால நிம்மதியா இருந்தேன்."

ஸ்கிரீனில் வருவதை மாற்ற என்னால் முடியாது. அது கம்பெனி புரோகிராம். அதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது. "நாளையிலேர்ந்து நீ என் சீட்ல ஒக்காரு, நான் அங்க ஒக்காருறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் அப்பா, "ஆங். காலைல மொத பஸ்ல அனுப்பறேன்" என்றார்.

மூன்றாம் நாள் எஸ்தர் வந்தாள். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து மிஷினை ஆன் செய்தேன். 'ஸ்லேவ் ரெடி' என்று வந்தது. இரண்டு வருடமாக நான் சாதாரணமாகச் சொல்லிவந்த சொல்தான். அன்றைக்குத்தான் படித்தேன். உத்தரவு வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

"குடுக்கட்டுமா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் எஸ்தர் கீயை அழுத்தினாள்.

ஆய்வில் அட்டை இல்லாததற்கு மெமோ வந்தது, விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இப்போது இந்தச் சொற்களை மாற்ற வேண்டுமா என்று கம்ப்யூட்டர் துறையில் வாதம் நடக்கிறது. வெறும் பெயர்தானே என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் ஒன்றுதான் கேட்கிறேன்: நீங்கள் எந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறீர்கள்?