ஆக்னஸ் டாக்டர் போட்ட ஊசி

இடது கை, தோளுக்குக் கீழே சதையை லேசாகப் பற்றியது. வலது கை ஊசியோடு நாற்காலியின் பின்புறமாகத் தாழ்ந்து வந்தது. உட்கார்ந்திருந்த பெண்ணின் பார்வை படும் இடத்துக்கு அது வரவேயில்லை. சதையை மெல்ல ஒரு குலுக்கு. அந்தக் குலுக்கலிலேயே ஊசி நேராக இறங்கி, மருந்தை விட்டு, வெளியே வந்துவிட்டது. அவள் இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். எழுந்திருக்கலாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் கைகள் ஆக்னஸுடையவை. லோத்குண்டாவில் பல் மருத்துவர். கொரோனா வந்து ஊரே வாயை மூடிக்கொண்டபோது, வாய்க்குள் வேலை செய்கிறவர் கிளினிக்கைப் பூட்டத்தான் வேண்டியிருந்தது. தடுப்பூசி போட ஆள் பற்றவில்லை, பல் மருத்துவர்களும் போடலாம் என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்துப் பயிற்சிக்குப் போனார். சர்ச் மண்டபத்து முகாமில் முதல் நாள், ஈறில் மருந்து இறக்குகிற பழக்கத்தில் நிதானமாகச் செலுத்திக்கொண்டிருந்தார். வரிசை தெருவரை போய்விட்டது. பக்கத்து மேசை நர்ஸ் சாவித்ரி, "மருதாணியா வெக்கிறீங்க, டாக்டரம்மா?" என்றார். கை வேகம் கற்றுக்கொண்டது. ஊசியை மறைப்பதையும் சதையைக் குலுக்குவதையும் மட்டும் விடவில்லை.

ஆக்னஸிடம் பல்லுக்கு வருகிற சாம்ராஜ், சனத்நகரில் லேத் ஓட்டுகிறவர். இரும்புச் சுருள் விரலைக் கிழித்தாலும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வார். ஊசியைக் கண்டால் மயங்கி விழுவார். ஏற்கெனவே முகாம் வாசல்வரை வந்து திரும்பியிருந்தார். அவர் மனைவி லோயிஸ் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு நாச்சாரத்தில் தங்கை வீட்டில் இருந்தார். கணவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளும்வரை வீட்டுக்குப் போகக்கூடாது என்று அவருடைய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மகள் எமி அப்பாவை ஆக்னஸின் முன்னால் உட்காரவைத்துவிட்டு வெளியே போனாள். மேசைமேல் ஊசிகளைப் பார்த்ததும் சாம்ராஜ் எழுந்துவிட்டார்.

"நக்கோ, வேணாம் டாக்டர். எனக்கு எத்தன பல்லு பிடுங்கியிருக்கீங்க. ஒரு நாளாவது ஊசி போட்டிருக்கீங்களா? என்னமோ மருந்து தடவுவீங்க, மரத்துப்போயிடும். அந்த மாதிரி ஏதாச்சும் பண்ணுங்க."

ஆக்னஸ் அவரை உட்காரச் சொல்லி, சட்டைக் கையை மடித்துவிட்டார். அந்த முகத்தைக் கண்டால் வருகிற வார்த்தைதான் அப்போதும் வந்தது.

"வாயத் திறங்கண்ணே."

அவர் மாஸ்க்குக்குள்ளேயே வாயைத் திறந்தார். கண்கள் தாமாக மூடிக்கொண்டன, தலை பின்னால் சாய்ந்தது, தோள் தளர்ந்தது. சாவித்ரி தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"மூடிக்கலாம்."

சாம்ராஜ் தன் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார்.

"அப்போ... பல்லு பிடுங்குறப்ப?"

"அப்பவுந்தான். ஒவ்வொரு தடவையும்."

நூலிழை பிசகாமல் இரும்பைக் கடைகிறவர் அந்த இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காத்திருப்போர் நாற்காலியிலிருந்தும் அவற்றைத்தான் பார்த்தார். ஒருமுறைகூட ஊசி அவர் கண்ணில் படவில்லை.

அரைமணி கழித்து ஆக்னஸ் அவர் முழங்கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனார். எமி போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, உங்கப்பா. அடுத்த ஊசிக்கும் எங்கிட்டயே கூட்டிட்டு வா."